முகாமில் மின்சாரம் விற்கலாமா?

அவையோருக்கு வணக்கம்.

2024 முடிவில் உலகெங்கும் இடம்பெயர்ந்து வாழ்வோர் 12 கோடியே 32 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். இவர்களுக்கு விளக்கும் அடுப்பும் கொடுக்கும் வேலையில் தனியார் நிறுவனங்களுக்கு என்ன இடம் என்பதுதான் இன்றைய பேச்சு. "அகதிகளிடமா வியாபாரம்?" என்று சிலர் முகம் சுளிப்பது புரிகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்பது தவறில்லை, விற்றுவிட்டுக் காணாமல் போவதுதான் தவறு. இலவசமாகக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவதும் அதே தவறுதான்.

இலவச சோலார் விளக்கின் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். மாற்று பேட்டரி முகாம் சந்தையில் கிடைக்காது. ஏன்? அடுத்த லாரியில் புது விளக்கே சும்மா வந்து இறங்கும் என்றால், எந்தக் கடைக்காரர் காசு போட்டு உதிரி பாகம் வாங்கி வைப்பார்?

சரி, நிறுவனம் முகாமுக்குள் வருகிறது. அதன் முதல் வாடிக்கையாளர் யார்? அகதி அல்ல, உதவி அமைப்புதான். முகாம் அலுவலகம், மருத்துவமனை, தண்ணீர் பம்ப் எல்லாம் டீசல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. அதுவும் தேவைக்கு மிஞ்சிய ஜெனரேட்டர். தன் திறனில் கால் பங்கு சுமைகூட இல்லாமல் ஓடும்போது சிலிண்டர் போதிய சூடேறாது, எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படியும். நல்ல சுமையில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.3 லிட்டர் குடிக்கும் இயந்திரம், குறைந்த சுமையில் அரை லிட்டரை நெருங்கும். இங்கே சோலாரும் பேட்டரியும் வைத்தால் மிச்சம் உறுதி. ஆனால் முதலில் குறைந்தது இரண்டு வாரம் சுமையை, அதாவது உண்மையில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை, அளக்க வேண்டும். ஜெனரேட்டரின் தகட்டில் உள்ள எண்ணைப் பார்த்துத் திட்டம் போட்டால், டீசலில் செய்த அதே தவறை சோலாரிலும் செய்வோம்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, காலக் கணக்கில் இருக்கிறது. போட்ட முதலீடு திரும்பி வர ஐந்தாறு ஆண்டாவது ஆகும். உதவி அமைப்பின் பணமோ ஆண்டுக்கு ஒருமுறை ஒதுக்கப்படுவது. ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் செலுத்தும் குறைந்தபட்சத் தொகை. இன்னொன்று, நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகையின் அட்டவணை. முதலீடு 100 என்றால் முதலாண்டு முடிவில் 85, மூன்றாம் ஆண்டு முடிவில் 50 என்று அது இறங்கிக்கொண்டே வரலாம். அந்தத் தொகைக்கு மூன்றாவது ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால் வட்டியும் குறையும். முகாம் இடம் மாறினால் கழற்றிக் கொண்டுபோக வசதியாக, கான்கிரீட் அஸ்திவாரம் போடாமல் தரையில் திருகும் கால்களும், கன்டெய்னருக்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைப்பது நல்லது.

ஜோர்டானைச் சொல்வார்கள். 2017-ல் அங்குள்ள அஸ்ரக் முகாமில் 2 மெகாவாட் சோலார் நிலையம், அதே ஆண்டு சாத்தரி முகாமில் 12.9 மெகாவாட். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னதற்கு ஐக்கியா அறக்கட்டளையும் பின்னதற்கு ஜெர்மன் அரசும் பணம் கொடுத்தன. முதலீட்டைத் திரும்ப எடுக்கும் கவலை அங்கே இல்லை. நன்கொடை கிடைக்காத முகாம்களுக்கு அந்த வழியைக் காட்டிப் பயனில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். 3 வாட் விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 45 வாட்-மணி. இரண்டு கைப்பேசிக்கு 20. ரேடியோவுக்கு 15. 15 வாட் டிசி விசிறி 8 மணி நேரம் ஓட 120. மொத்தம் 200 வாட்-மணி. வெயில் முழு வீச்சில் 5 மணி நேரத்துக்குச் சமம் என்று வைத்தால், 40 வாட் பேனல் போதும் என்று காகிதம் சொல்லும். நம்பாதீர்கள். பேனலில் எழுதிய வாட் 25 டிகிரிக்கு உரியது. கொதிக்கும் பாலைவனத்தில் அதன் செல் 65 டிகிரியைத் தொடும், டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் 14 சதவீதம் அங்கேயே போச்சு. தூசி, வயர், பேட்டரி இழப்புகளையும் சேர்த்தால் கைக்கு வருவது 65 சதவீதம். ஆகவே 62 வாட் வேண்டும், 75 வாட்டாகப் போடுங்கள். பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி. மேகம் மூடிய நாளையும் தாங்க வேண்டுமென்றால் 40. விலையைக் குறைக்க நிறுவனங்கள் கை வைப்பது பெரும்பாலும் இங்கேதான். புகார் வருவதும் இங்கிருந்துதான்.

தார்ப்பாய்க் கூரை பேனலைத் தாங்காது, கம்பம் நட வேண்டும். கம்பம் தள்ளி நின்றால் வயர் நீளும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், 10 மீட்டர் தூரம், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் போக வர 1.2 வோல்ட் காணாமல் போகும். பத்தில் ஒரு பங்கு! 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். இன்னொன்று: லித்தியம் பேட்டரியை மாட்டிவிட்டு, பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரைப் பழைய லெட்-ஆசிட் பேட்டரிக்கான அமைப்பிலேயே விட்டுவிடுவார்கள். வோல்ட்டேஜ் எல்லை மீறும், பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொள்ளும். "கருவி மோசம்" என்று பெயர் வரும்.

தவணை முறையில் பணம் கட்டினால் குறியீட்டு எண் வரும், அதை அழுத்தினால் கருவி திறக்கும், தவறினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் கைப்பேசி வழியே பணம் கட்ட சிம் வேண்டும், சிம்முக்கு அடையாள அட்டை வேண்டும். அகதியின் அட்டையைச் செல்லாது என்று சொல்லும் இடங்களில், முகாமுக்குள்ளேயே ரொக்கம் வாங்கும் முகவர் இல்லாமல் திட்டம் நகராது. தவணை நாள், உதவித்தொகை வரும் நாளை ஒட்டி இருக்கட்டும். உதவித்தொகை வெட்டப்பட்ட மாதத்தில் தவணையும் நின்றுதான் போகும். அதைக் கடன் ஏய்ப்பு என்று பார்க்கக் கூடாது. அப்போது கருவியைப் பறிக்காமல் தவணையைத் தள்ளிவைக்கும் விதி முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

வாங்கும் சக்தி இருக்கிறதா என்ற கேள்விக்கு, கென்யாவின் காகுமா அகதி முகாம் பற்றி, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் செய்த 2018 ஆய்வு ஒரு பதில்: அந்தப் பகுதியின் நுகர்வுச் சந்தை ஆண்டுக்கு 5.6 கோடி டாலர். அதை எல்லா ஊருக்கும் நீட்டிவிடாதீர்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்கள் முறைப்படி வேலை செய்ய அனுமதி இல்லை. அங்கே 2018 முதல் சமையல் எரிவாயுவை உதவி அமைப்புகளே கொடுத்தன. விறகு தேடிக் காட்டை அழிப்பது அதனால் குறைந்தது. விற்கும் திட்டம் அங்கே செல்லாது. உழைத்துச் சம்பாதிக்கும் உரிமை இல்லாதவரிடம் தவணை கேட்பது எப்படி? சமையல் என்று வந்தால் சிக்கல் இன்னும் கூர்மை. நான் சொன்ன 75 வாட் பேனலால் ஒரு கிலோவாட் மின் குக்கரை இயக்கவே முடியாது. அதற்கு மினி-கிரிட், அதாவது பல வீடுகளுக்குச் சேர்த்து மின்சாரம் தரும் சிறு மின்கட்டமைப்பு, வேண்டும்.

கடைசியாக, நிறுவனத்தோடு பேரம் பேசும் அமைப்புகள் மறந்துவிடும் ஒரு வரி: பழைய பேட்டரியைத் திரும்ப எடுப்பது யார் பொறுப்பு? அதன் செலவை விற்பனை விலைக்குள்ளேயே சேர்த்து, பழையதைக் கொடுப்பவருக்குப் புதியதில் தள்ளுபடி என்று எழுதி வாங்குங்கள். முகாமை ஒட்டி வாழும் உள்ளூர் மக்களுக்கும் அதே விலை, அதே தள்ளுபடி பொருந்த வேண்டும். அகதிக்கு விளக்கும் அவர்களுக்கு இருட்டும் என்றால் வயர் அறுபட அதிக நாள் ஆகாது.