பருப்பு வேகாத தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பருப்பு வேக வைத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். அதே பருப்பு, அதே குக்கர். நல்ல தண்ணீரில் மூன்று விசிலில் குழைந்துவிடும். போர் உப்புத் தண்ணீரில் ஆறு விசில் வந்தாலும் விதை விதையாக நிற்கும். சமைத்தவர் மேல் குற்றமில்லை. தண்ணீர் வேறு.

கம்ப்யூட்டர் லேபில் இருபது வருடமாக நான் பார்ப்பது இதைத்தான். ஒரு செய்முறைத் தேர்வு. 8-இலிருந்து 1 வரை எல்லா எண்களையும் பெருக்கிச் சொல்ல வேண்டும். விடை 40,320. அந்த மாணவி சி மொழியில் எழுதிய புரோகிராமில் ஒரு புள்ளி தவறில்லை. ஓட்டினாள். திரையில் -25,216! பெருக்கியதெல்லாம் பிளஸ், விடை மட்டும் எப்படி மைனஸ்? "மேடம், நேத்து ராத்திரி என் லேப்டாப்புல சரியா வந்துச்சு மேடம்" என்றாள். கீபோர்டில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரையில் இருப்பதைத்தான் பார்ப்பார். மதிப்பெண் போயிற்று.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். லேபில் இருந்தது பழைய டாஸ் காலத்துக் கம்பைலர். முழு எண் வைக்க 'இன்ட்' என்று எழுதினால் 2 பைட் இடம்தான் கொடுக்கும். 32,767-ஐத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். அவள் லேப்டாப்பில் இருந்த ஜிசிசி என்ற கம்பைலர் 4 பைட் கொடுக்கும். புரோகிராம் ஒன்றுதான். தண்ணீர் வேறு.

சரி, என்ன செய்யலாம்? தண்ணீரையும் கையோடு கொண்டுபோகலாம். 2013-இல் வந்த டாக்கர் என்ற மென்பொருள் செய்வது அதைத்தான். எந்தக் கம்பைலர், எத்தனையாவது பதிப்பு, கூட என்னென்ன வேண்டும் என்று ஆசிரியர் ஒரு சின்னக் கோப்பில் நாலு வரி எழுதுகிறார். அதிலிருந்து, இவை எல்லாம் அடங்கிய பொட்டலம்போல 'இமேஜ்' ஒன்று உருவாகும். லேபிலும் ஹாஸ்டலிலும் அதையே ஓட்டினால் எல்லோருக்கும் ஒரே கம்பைலர். பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் ஜூலையில் எடுத்தவருக்கு ஒன்று, டிசம்பரில் எடுத்தவருக்கு வேறொன்று.

இமேஜ் ஒரு ஜிபியைக்கூடத் தாண்டலாம். அறுபது பேரும் டேட்டா செலவழிக்க வேண்டாம். ஒருவர் இறக்கி, 'டாக்கர் சேவ்' கொடுத்து ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும். மற்றவர்கள் 'டாக்கர் லோட்' கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இமேஜை ஓட்டும்போது உருவாவது 'கண்டெய்னர்'; அதை அழித்தால் உள்ளே எழுதியதும் கூடவே போய்விடும். ஆகவே அசைன்மென்ட் ஃபோல்டரை உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்து, அதைக் கண்டெய்னருக்குள் இணைத்துக்கொண்டு எழுதுங்கள். வணக்கம்.