மாலையை அப்புறம் போடலாம், முதலில் வேலையைக் கொடுங்கள்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். நோட்டீசில் ‘முதிர்ந்த வயதிலும் பேனாவை, பிரஷ்ஷைக் கீழே வைக்காதவர்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் வருகிற முதல் சந்தேகம், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது. அதைச் சொல்ல நான் வரவில்லை. கேழ்வரகுக் கூழ் குடித்து நீண்ட நாள் இருந்தவர்களும் உண்டு, காபியும் வெற்றிலையுமாக இருந்தவர்களும் உண்டு. ஆயுசு அவரவர் கொடுப்பினை. நான் கேட்பது வேறு. எண்பது வயதுக்கு மேல் ஒருவர் படம் போடுகிறார், கதை எழுதுகிறார் என்றால், அந்த வேலையை அவரிடம் யார் கொண்டுபோய்க் கொடுத்தது? எந்தப் பத்திரிகை பக்கம் ஒதுக்கியது? மாதம் பிறந்தால் அவர் கையில் ஏதாவது வந்ததா?

நம்ம பக்கத்தில் படித்த ஒரு பையனிலிருந்து தொடங்குகிறேன். 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்தவர். பத்து வயதில் அம்மாவோடு சென்னைக்கு வந்தார். பிராட்வேயில் மாநகராட்சிப் பள்ளிக்கூடம், அப்புறம் முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளி. அங்கே இருந்த டிராயிங் மாஸ்டர் பையனின் கையைப் பார்த்துவிட்டு, நீ ஓவியப் பள்ளிக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். பையனும் அரசு ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் உங்களுக்குத் தெரியும். படிப்பு முடிந்து ‘கலைமகள்’ பத்திரிகையில் வேலை. 1952-ல் குழந்தைகள் பத்திரிகையான ‘அம்புலிமாமா’. பெயர் கே.சி. சிவசங்கரன். படத்தின் ஓரத்தில் ‘சங்கர்’ என்று மட்டும் இருக்கும்.

இந்த அறையில் ஐம்பது தாண்டியவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். சுடுகாடு, தோளில் பிணம், கையில் உருவிய வாள், அசையாத முகத்தோடு விக்கிரமாதித்தன். அந்தப் படத்தைப் போட்டவர் அவர்தான். ‘அம்புலிமாமா’ பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. எழுத்து ஒவ்வொரு மொழியிலும் மாறும், படம் மாறாது. இங்கே நம் வீட்டுப் பிள்ளை பார்த்துப் பயந்த வேதாளத்தைத்தான் ஒரியாவிலும் மராத்தியிலும் பிள்ளைகள் பார்த்துப் பயந்தார்கள்.

விக்கிரமாதித்தன் என்றதும் எனக்குக் கொண்டித்தோப்பு ஞாபகம் வருகிறது. பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் அங்கிருந்துதான் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைப் போட்டார்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் அதில் ஒன்று. கண் மங்கிய தாத்தா திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், தெருவே கேட்கும். அந்தப் பழைய புத்தகங்களில் நடுநடுவே படங்கள் இருக்கும். ராஜா, ராணி, குதிரை. அவற்றை யார் வரைந்தார், யார் பிளாக் வெட்டினார் என்று புத்தகத்தில் தேடிப் பாருங்கள். பதிப்பாளர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், தெரு இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது. சங்கருக்குப் படத்தின் ஓரத்திலாவது கையெழுத்துப் போட இடம் கிடைத்தது.

(கண்டெய்னர் லாரி போகட்டும், ஒரு நிமிஷம். சரி.)

சங்கர் ‘அம்புலிமாமா’வில் ஏறக்குறைய 60 ஆண்டு இருந்தார். அந்தப் பத்திரிகை நிற்கிறவரைக்கும் வரைந்தார், அப்போது அவருக்கு எண்பத்தெட்டு வயதுக்குக் கிட்டே. அப்புறமும் ‘ராமகிருஷ்ண விஜயம்’ பத்திரிகைக்கு வரைந்துகொடுத்தார். எண்பது வயதில் அந்தக் கை ஓடியதற்குக் காரணம் தெய்வ அருள் என்று சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும், கதை மேஜைக்கு வந்துவிட்டது, இத்தனாம் தேதிக்குள் படம் வேண்டும் என்ற நெருக்கடியும் ஒரு காரணம். சம்பளம் இன்னொரு காரணம். இவற்றை நாம் பேசுவதே இல்லை. 2020 செப்டம்பரில், 96 வயதில் அவர் காலமானார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தொண்ணூற்றாறு வருஷம் உயிரோடு இருந்த மனிதருக்கு விருது கொடுக்க அவகாசம் போதவில்லை!

அதே 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர் ஓவியர் கோபுலு. ‘ஆனந்த விகடன்’ படித்த குடும்பங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தவில்காரரின் முகத்தில் அதற்குப் பதில் இருக்கும். அப்படி வரைவார். வயதான காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. வரைகிற கை. வேறு யாராக இருந்தாலும் ‘போதும், நிறைய வரைந்தாச்சு’ என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர் இடது கையால் வரையப் பழகினார். பழகினார் என்று மேலோட்டமாகச் சொல்லாதீர்கள். உயிருள்ள ஒரு கோடு இழுக்க ஐம்பது வருஷம் வலது கை கற்றதை இடது கை முதலிலிருந்து கற்க வேண்டும். அந்தப் படங்களும் அச்சில் வந்தன. அதற்கு ஓவியரின் வைராக்கியம் மட்டும் போதாது, ‘இடது கையில் போட்டதா, பரவாயில்லை, கொடுங்கள்’ என்று வாங்கிப் போடுகிற ஓர் ஆசிரியரும் வேண்டும்.

இங்கே கொஞ்சம் பணக்கணக்கு பேச வேண்டியிருக்கிறது. எழுத்தாளருக்குப் புத்தகம் மறுபதிப்பு வந்தால் ராயல்டி என்று ஏதோ கொஞ்சமாவது வரும். வரவேண்டும் என்று கேட்கவாவது வழியிருக்கிறது. படம் போட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு தடவை சன்மானம், அதோடு சரி. தொடர்கதை புத்தகமாகும்போது படங்கள் கழன்றுவிடும், அல்லது காசு கொடுக்காமலே கூடவே போகும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இதில் அவ்வளவு கொடுமையானது அல்ல என்பதுதான் வேடிக்கை. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்து வரைந்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், மற்ற உரிமை வரைந்தவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அது வாரிசுகளுக்கு உண்டு. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிய ஓவியரை எனக்குக் காட்டுங்கள்.

எழுத்தாளர்கள் பாடு எல்லாம் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். ராஜம் கிருஷ்ணன். 1973-ல் சாகித்ய அகாதமி விருது, தமிழில் அதை வாங்கிய முதல் பெண். உப்பளத்துக்குப் போய்ப் பார்த்து எழுதினார், மீனவர் குப்பத்துக்குப் போய்த் தங்கி எழுதினார். எங்கள் காசிமேட்டு ஆட்கள் யாராவது கடலோர நாவல் என்று கேட்டால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அவருடையதைத்தான். கணவர் போன பிறகு, உடம்பு விழுந்த பிறகு, அவர் இருந்தது முதியோர் இல்லத்தில். கடைசிக் காலம் மருத்துவமனையில். 2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கி 3 லட்சம் ரூபாய் கொடுத்தது. வழக்கமாக எழுதியவர் போன பிறகு வாரிசுக்குப் போகிற தொகை, இவருக்கு உயிரோடு இருக்கும்போதே வந்தது. அது நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் எழுதிய ஒருவரின் புத்தகங்களே அவருக்குச் சோறு போட்டிருக்க வேண்டாமா? 2014-ல் காலமானார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று மேடையில் சொன்னால் கைதட்டல் வரும், ஆனால் அது உண்மையில்லை. தமிழ் வளர்ச்சித் துறையில் அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கு மாத உதவித்தொகை இருக்கிறது, 58 வயது நிறைந்தால் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று கேட்பார்கள். பெரிய விருது வாங்கிய எழுத்தாளருக்கு வீடு தருகிற கனவு இல்லத் திட்டமும் வந்திருக்கிறது. இந்தப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு கவிஞராவது உங்கள் தெருவில் இருப்பார். போய் நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கி. ராஜநாராயணன். ஏழெட்டு வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஊரில் விவசாயம். எழுத வந்ததே முப்பத்தைந்துக்கு மேல். மற்றவர்கள் ரிட்டயர் ஆகி ஈஸி சேர் வாங்குகிற வயதில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது, நாட்டார் கதைகளைச் சேகரிக்கச் சொன்னது. என்னைக் கேட்டால் அந்த நியமன உத்தரவுதான் அவருக்குக் கிடைத்த பெரிய விருது. அகாதமி விருது 1991-ல், அதற்கும் பின்னால்தான் வந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷம் எழுதினார். கடைசிக் காலத்தில் ஒரு நூலை அவருடைய கையெழுத்திலேயே அச்சடித்தார்கள். 2021 மே 17, கொரோனா நேரம், 98-ஆவது வயதில் போனார். சொந்த ஊரான இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம். ஓர் எழுத்தாளருக்குத் துப்பாக்கி மரியாதை! டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெரியம்மா, ‘இவர் என்ன மந்திரியா?’ என்றார்.

கேட்டால்தான் வரும் என்பதற்கு உ.வே.சா.வை விட்டால் ஆள் கிடையாது. சுவடி தேடி அலைந்த கதையை அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஆனந்த விகடன்’ பக்கம் கொடுத்து வாராவாரம் எழுதச் சொன்னபோது அவருக்கு எண்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1940 ஜனவரியில் தொடங்கினார். 1942 ஏப்ரலில் காலமாகும்போது 122 அத்தியாயம் முடிந்திருந்தது. வாழ்க்கை வரலாறு பாதியில் நிற்கிறது. ஐந்து வருஷம் முன்னால் யாராவது நச்சரித்திருந்தால் மீதியும் நமக்குக் கிடைத்திருக்கும்.

நம்ம அம்பத்தூரில் இருந்த எழுத்தாளர் லா.ச.ரா.வும் பிறந்த அக்டோபர் 30-ஆம் தேதியிலேயே 2007-ல், 91 நிறைந்த அன்று காலமானார். புரசைவாக்கம் வெள்ளாளர் தெருவில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர்.கே. நாராயண் 94 வரை இருந்தார். அவர் கதைக்குப் படம் போட்ட தம்பி லக்ஷ்மண் 93. காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனுக்கு வயது கொஞ்சம் குறைவு, 83. ஆனால் அவரை விட மனசில்லை. கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-ல் ஒரு பத்தி தொடங்கினார், படமும் அவரே போடுவார். 1996 பிப்ரவரி 18 அன்று இறந்தார், அன்றைக்கும் அந்தப் பத்தி வெளியாகியிருந்தது. நாற்பத்தாறு வருஷம் ஒரே பத்திரிகை ஒரே ஆளுக்கு அந்த இடத்தை விட்டுவைத்தது. இன்றைக்கு ஆறு மாதம் விட்டுவைப்பார்களா?

வெளிநாட்டிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ‘மேட்’ என்ற நையாண்டிப் பத்திரிகை. அதன் பின்னட்டையின் உட்பக்கத்தில், மடித்தால் வேறொன்றாக மாறுகிற படத்தை ஆல் ஜாஃபி 1964-ல் தொடங்கி, 2020-ல் 99 வயதில் ஓய்வு பெறும்வரை வரைந்தார். 102 வரை இருந்தார். ஜப்பானில் ஷிபாதா டோயோ என்ற பாட்டி. முதுகுவலியால் நடனம் ஆட முடியாமல் போனபோது, மகன் கவிதை எழுதிப் பாரேன் என்றார். அப்போது பாட்டிக்கு 92. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அப்புறம் பெவர்லி கிளியரி, 104 வயது வரை இருந்த குழந்தை எழுத்தாளர். அவர் முதலில் நூலகர். ஒரு பையன் வந்து, எங்களை மாதிரிப் பசங்களைப் பற்றிப் புத்தகம் எங்கே என்று கேட்டானாம். அலமாரியில் இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தார். நம் நூலகத்தில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டால் நாம் எதை எடுத்துக் கொடுப்போம்? இரண்டு மூன்று புத்தகம் தேறும். மிச்சத்தை இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும், எழுபது வயதானாலும் பரவாயில்லை.

புகழ் பெற்றவர்களைப் பற்றிப் பேசியாயிற்று. இப்போது நம் ஊருக்கு வருவோம். அகஸ்தியா, மகாராணி, கிரௌன், பத்மநாபா என்று இந்தப் பக்கம் எத்தனை தியேட்டர்! ஒவ்வொன்றின் வாசலிலும் இரண்டு மாடி உயரத்துக்கு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நின்றார்கள். அவர்களைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, சாரத்தில் ஏறி வரைந்த பேனர் ஆர்ட்டிஸ்டுகள் இங்கேதான் இருந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்கள். அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. வரைந்தவர்களில் சிலர் இன்னும் மாடிப்படிக்குக் கீழே கட்டிலில் இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன் பிரஸ்களில் ஈய எழுத்துக் கோத்த கம்போசிட்டர்களும் அப்படித்தான். கையெழுத்துப் பிரதியில் எழுத்தாளர் விட்ட பிழையை முதலில் திருத்தியவர்கள் அவர்கள். கண்புரை வந்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் யாரென்று நமக்குத் தெரியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு பெரியவரைப் போய்ப் பாருங்கள். நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும். எந்த நம்பர் பிரஷ், பெயின்டில் என்ன கலப்பீர்கள், சாரத்தில் எத்தனை பேர், ஒரு பேனருக்கு என்ன கூலி, யார் பாக்கி வைத்தார்கள் என்று கேளுங்கள். பாக்கி வைத்தவர் பெயர் எல்லோருக்கும் நன்றாக ஞாபகமிருக்கும். போன் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். வர முடிந்தவர்களை இங்கே அழைத்து வந்து பேசவையுங்கள். முடிந்தால் நம் நூலகத்துச் சுவரில் ஒரு படம் போடச் சொல்லுங்கள், சாரமெல்லாம் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து எட்டுகிற உயரத்தில். ஆட்டோ செலவு வட்டத்தினுடையது. சால்வை வேண்டாம், கூலியைக் கவரில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். செயலாளர் தலையை ஆட்டுகிறார், சரி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வணக்கம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.