சட்டையில ஒரு சின்ன பின், லிஃப்டுல ஒரு கேள்வி

வணக்கம் மக்களே. இன்னிக்கு கைவேலை பாத்துக்கிட்டே பேசப்போறேன். மடியில இருக்கிறது என்னோட டெனிம் ஜாக்கெட். ஆறு வருஷமா போட்டுப் போட்டு தோள்பட்டைகிட்ட நைஞ்சுபோச்சு. இங்க பாருங்க, விரலே உள்ள போகுது. இந்த ஓட்டையை மூடி ஒரு பேட்ச் தைக்கணும். தைச்சு முடிக்கிற வரைக்கும் பேசுவோம்.

ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க. "அக்கா, நான் குயர்னு துணிமணியில எப்படிக் காட்டுறது?", "நான் குயர் இல்ல, ஆனா அவங்க பக்கம் நிக்கிறேன், நான் வானவில் போடலாமா?" குயர்னா, ஒரே பாலினத்தவரை விரும்புறவங்க, திருநங்கைகள், திருநம்பிகள் மாதிரி எங்க எல்லாரையும் சேத்துச் சொல்ற வார்த்தை; வானவில் எங்களோட அடையாளம். ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லணும்னா முதல்ல ஒரு லிஃப்ட் கதை சொல்லணும்.

அப்ப நான் ஒரு ஆபீசுல வேலை பாத்துட்டு இருந்தேன். சட்டைக் காலர்ல ஒரு பின் குத்தியிருப்பேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், வானவில் மாதிரி ஆறு கலர் கோடு. ஒரு நாள் லிஃப்டுல நானும் வேற டீம்ல இருக்கிற ஒருத்தரும் மட்டும். அவங்க என் காலரையே பாத்தாங்க. அப்புறம் கதவைப் பாத்துக்கிட்டே, ரொம்ப மெதுவா, "அது என்னன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் "தெரிஞ்சுதான்"னு சொன்னேன். அவ்வளவுதான், அவங்க மாடி வந்துச்சு, இறங்கிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு கேண்டீன்ல என் எதிர்ல வந்து உக்காந்து, பத்து வருஷமா யார்கிட்டயும் சொல்லாததை என்கிட்ட சொன்னாங்க.

அந்த ரெண்டு மாசமும் நான் எதுவும் பண்ணல. தினமும் அந்தப் பின்னைக் குத்திக்கிட்டு வேலைக்குப் போனேன், அவ்வளவுதான். ப்ரைடுன்னு நாங்க நடத்துற ஊர்வலத்துக்கு நான் முகம் முழுக்க கலர் அடிச்சுக்கிட்டுப் போவேன், மனசு நிறைஞ்சு போகும். ஆனா அங்க சுத்தி இருக்கிற எல்லாருக்குமே நான் யாருன்னு தெரியும். லிஃப்டுல கதவைப் பாத்துக்கிட்டுப் பேசுற அந்த ஒருத்தருக்குத்தான் என் பின் தேவைப்படுது. அதனால என்ன போடலாம்னு யோசிக்கும்போது, சும்மா ஒரு செவ்வாக்கிழமை காலையில இதைப் போட்டுட்டு வெளிய போவேனான்னு கேட்டுப் பாருங்க. நான் அப்படித்தான் பாக்குறேன்.

இந்த மாதிரி அடையாளம் வச்சுக்கிறது நம்ம காலத்துல ஆரம்பிச்சது இல்ல. 1892-ல லண்டன்ல ஒரு நாடகத்தோட முதல் நாள். அதை எழுதின ஆஸ்கர் வைல்டோட நண்பர்கள் சிலர் கோட்டுல பச்சைச் சாயம் ஏத்தின கார்னேஷன் பூவைக் குத்திக்கிட்டு வந்தாங்க. இயற்கையில அந்த மாதிரிப் பச்சைப் பூ கிடையாது. போகப்போக அந்தப் பூ, ஆண்களை விரும்புற ஆண்களோட அடையாளமா பேசப்பட்டுச்சு. வெளிய தெரிஞ்சா ஜெயில்னு இருந்த காலம் அது, வைல்டே 1895-ல ஜெயிலுக்குப் போனார். இன்னிக்கும் இப்படிச் சின்ன அடையாளங்கள் இருக்கு. பாலீர்ப்பு இல்லாத ஏசெக்சுவல் நண்பர்கள் சிலர் வலது கை நடுவிரல்ல கறுப்பு மோதிரம் போடுவாங்க. தெரிஞ்சவங்களுக்கு அது சேதி, தெரியாதவங்களுக்கு வெறும் மோதிரம்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1970 மே 1, நியூயார்க். பெண்ணுரிமை இயக்கத்தோட பெரிய மாநாடு நடக்குது. அந்த இயக்கத்துக்குள்ளயே லெஸ்பியன்களால நம்ம பேரு கெடுதுன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அவங்களை "லாவெண்டர் ஆபத்து"ன்னு சொன்னாங்க. மாநாட்டு அரங்கத்துல திடீர்னு விளக்கு அணையுது. மறுபடி விளக்கு எரியும்போது வரிசைகளுக்கு நடுவுல பெண்கள் நிக்கிறாங்க. எல்லாரும் ஊதா டி-ஷர்ட். நெஞ்சுல அதே "லாவெண்டர் ஆபத்து". வசவா வந்த வார்த்தையை எடுத்து சட்டையில போட்டுக்கிட்டு வந்து நின்னுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த நேரத்துல ஒரு டி-ஷர்ட் எத்தனை பேச்சுக்குச் சமம்!

ஒரு நிமிஷம், நூல் கோர்த்துக்கிறேன். ஆங்.

இதையெல்லாம் வாங்குற பணத்தைப் பத்தியும் பேசணும், அதுக்கு முதல்ல வானவில் கொடிக்கு வர்றேன். 1978-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கில்பர்ட் பேக்கர்ங்கிற கலைஞரும் அவரோட கூட்டாளிகளும் கையாலயே சாயம் போட்டு, தைச்சு உண்டாக்கினது அது. அதுல லின் செகர்ப்லாம்ங்கிற சாயக்கலைஞரோட பங்கு பெருசு, அவங்க பேரை நிறைய பேர் சொல்றதே இல்ல. குப்பைத்தொட்டி மாதிரி பெரிய தொட்டிகள்ல சாயத்தைக் கரைச்சு, கஜக்கணக்குல பருத்தித் துணியை முக்கி எடுத்தாங்க. அலசுறதுக்குப் பெரிய இடம் இல்ல. காசு போட்டுத் துவைக்கிற பொது சலவைக் கடைக்கு ராத்திரி ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போனாங்க. அடுத்து வர்றவங்க துணியில சாயம் ஏறக்கூடாதுன்னு கடைசியா மெஷின்ல ப்ளீச் ஊத்தி ஓட்டிட்டு வந்ததா பேக்கரே சொல்லியிருக்கார். சாயம் போட்டுப் பழக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த இடம் நல்லாப் புரியும்.

முதல்ல அதுல எட்டு கலர். அடர் பிங்க் துணி மொத்தமாக் கிடைக்காததால அது போச்சு, அடுத்த வருஷம் நீலப்பச்சையும் போச்சு, ஆறு நின்னுச்சு. பேக்கர் அதுக்கு உரிமை கொண்டாடவே இல்ல, எல்லாருக்கும் சொந்தம்னு விட்டுட்டார். அது பெரிய மனசு. ஆனா அதனாலயே, நமக்காக ஒரு துரும்பையும் நகர்த்தாத கம்பெனிகூட ஆறு கோடு அச்சடிச்சு விக்கலாம், யாரும் கேக்க முடியாது.

நான் அதுல மாட்டியிருக்கேன். ஒரு ஜூன் மாசம் ஒரு பெரிய பிராண்டோட வானவில் டி-ஷர்ட் வாங்கினேன். நம்ம ஜனங்களுக்கு ஏதாவது போய்ச் சேரும்னு முழுசா நம்பினேன். வீட்டுக்கு வந்து டேக்கைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். "அன்பைக் கொண்டாடுவோம்"னு போட்டிருக்கு. எந்த அமைப்புக்கு, எவ்வளவு, ஒண்ணுமே இல்ல. எனக்கு வந்தது கோபத்தைவிட வருத்தம்தான். அந்தக் காசை நேரா ஒரு திருநர் உதவி அமைப்புக்கே, அதாவது திருநங்கைகள், திருநம்பிகளுக்கு உதவுற அமைப்புக்கே கொடுத்திருக்கலாம்.

அதுக்கப்புறம் வாங்குறதுக்கு முன்னாடியே டேக்கைப் பொறுமையாப் படிக்கிறேன். அமைப்போட பேரு போட்டிருக்கான்னு பாருங்க. "ஒரு பங்கு நன்கொடை"ன்னு மொட்டையா இருந்தா விட்டுடுங்க. விலையில இத்தனை சதவீதமா, லாபத்துல இத்தனை சதவீதமான்னு கவனிங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. செலவெல்லாம் கழிச்சா லாபமே இல்லன்னு கணக்கு காட்டிட முடியும். இன்னொண்ணு, இவ்வளவு தொகை கண்டிப்பாத் தர்றோம்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க. அப்ப நீங்க வாங்கினாலும் வாங்காட்டியும் அந்த அமைப்புக்கு அதே தொகைதான் போகும். டிசைன் பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க, ஆனா வாங்கினதே உதவின்னு நினைக்காதீங்க.

அம்பு மாதிரி இடது பக்கத்துல இருந்து கறுப்பு, பழுப்பு, திருநர் கொடியோட நிறங்கள் எல்லாம் உள்ள வர்ற கொடி பாத்திருப்பீங்க. 2018-ல டேனியல் குவாசார் வரைஞ்சது. அதுக்கு உரிம நிபந்தனை இருக்கு. நமக்காக நாமளே பண்ணிக்கலாம், வியாபாரம் பண்ணணும்னா அவங்ககிட்ட அனுமதி வாங்கணும். ரெண்டு கொடிக்கும் நடுவுல 40 வருஷம். நாம என்ன கத்துக்கிட்டோம்னு அந்த நிபந்தனையிலயே தெரியுதுன்னு எனக்குத் தோணும்.

என்னைக் கேட்டா, காசு செலவழிக்கிறதா இருந்தா ஒரு குயர் டெய்லர்கிட்ட, ஒரு திருநங்கை நடத்துற சின்ன தையல் கடையில, நேரா அவங்க கையில கொடுங்க. அந்தத் துணியில ஒரு வானவில்கூட இல்லாமப் போகட்டும், பரவாயில்ல.

சரி, கொடி, பின் எல்லாம் ஒரு பக்கம். ஸ்டைல்ங்கிறது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. எனக்கு அது எங்கப்பா சட்டையில ஆரம்பிச்சுச்சு. 19 வயசுல ஒரு நாள் எடுத்துப் போட்டேன். பட்டன் வலது பக்கம், காஜா இடது பக்கம். பொம்பளைச் சட்டையில அது மாறி இருக்கும், அதனால விரலுக்கு முதல்ல பிடிபடவே இல்ல. ஆனா கண்ணாடியில பாத்தப்போ, இத்தனை நாளா யாரைத் தேடிட்டு இருந்தேனோ அந்த ஆளு அங்க நின்னுட்டிருந்தா. அதுல எந்தக் கொடியும் இல்ல. தோள் நேரா விழுந்துச்சு, இடுப்புல பிடிக்கல, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். பாரிஸ்ல 1800-ல ஒரு போலீஸ் ஆணை போட்டாங்க. ஒரு பொண்ணு ஆம்பளை மாதிரி உடுத்தணும்னா அனுமதி வாங்கணும். அது செல்லாதுன்னு அரசாங்கம் வெளிப்படையாச் சொன்னது 2013-ல! சான் ஃபிரான்சிஸ்கோவுலயும் தன் பாலினத்துக்குரியது இல்லாத உடை போட்டா குற்றம்னு 1863-ல சட்டம் வந்துச்சு, 1974 வரைக்கும் இருந்துச்சு. அந்தச் சட்டம் போன நாலாவது வருஷம் அதே ஊர்லதான் அந்த வானவில் கொடி பறந்துச்சு. நாம எந்தப் பக்கம் பட்டன் போடுறோம்ங்கிறதுக்காக ஜனங்க ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்காங்க.

திருநம்பிகளும், மார்பை மறைச்சு உடுத்த நினைக்கிறவங்களும் இதைக் கேட்டுட்டிருந்தா, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பாண்டேஜ் துணி, டேப் இதையெல்லாம் சுத்திக் கட்டாதீங்க, மூச்சுவிடச் சிரமமாகும், விலா எலும்பு பாதிக்கும். அதுக்குன்னே தைச்ச பைண்டரா, உங்க அளவுக்கானதா போடுங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். உங்க உடம்பு எனக்கு முக்கியம்.

இப்ப பேட்சுக்கு வருவோம். அயர்ன் பண்ணி ஒட்டுற வகையை டெனிம், பருத்தியில மட்டும் வைங்க. நைலான் சூட்டுல உருகிடும். ஒட்டினாலும் ஓரத்தைச் சுத்தி ஒரு தையல் போட்டுடுங்க, இல்லன்னா சில துவைப்புல மூலை தூக்கிக்கும். நான் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைக்கிறேன், நைஞ்ச இடத்துக்குப் பலம். துவைக்கும்போது உள்புறம் வெளிய திருப்பி, பச்சைத் தண்ணியில. பின் குத்துறவங்க பின்னாடி சின்ன ஃபெல்ட் துண்டு வச்சுக் குத்துங்க, சட்டையில ஓட்டை பெருசாகாது.

இந்த பேட்ச் திருநர் கொடி. வெளிர் நீலம், பிங்க், நடுவுல வெள்ளை. 1999-ல மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைச்சாங்க. தலைகீழாத் திருப்பினாலும் அதே மாதிரிதான் இருக்கும், பாருங்க. எப்படிப் பிடிச்சாலும் சரியாத்தான் இருக்கணும்னு யோசிச்சே அப்படிப் பண்ணினாங்க. நான் திருநர் இல்ல. என் நண்பருக்காகப் போடுறேன், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன்.

ஆனா பிங்க் முக்கோணத்தை அழகுக்காகப் போடாதீங்க. நாஜி முகாம்கள்ல ஓரினச்சேர்க்கையாளர்னு அடைச்சு வச்ச ஆண்களோட உடுப்புல தைச்ச அடையாளம் அது. பின்னாடி நம்மாளுங்க அதை எடுத்து, 1980-கள்ல எய்ட்ஸ் போராட்டத்துல முனையை மேல் பாத்த மாதிரி திருப்பி, தங்களோட சின்னமா ஆக்கினாங்க. போடுறதா இருந்தா, கேக்குறவங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தெரிஞ்சு போடுங்க.

குயர் இல்லாதவங்க போடலாமான்னா, போடுங்க, நான் சந்தோஷப்படுவேன். ஆனா நீங்க அதைப் போட்டுட்டு உக்காந்திருக்கிற மேசையில ஒருத்தர் திருநங்கைகளைக் கேலி பண்ணினா, நீங்க பேசணும். ஏன்னா அங்க அமைதியா உக்காந்திருக்கிற யாரோ ஒருத்தர் உங்க பின்னைப் பாத்துட்டு, அப்புறம் உங்க முகத்தைப் பாப்பாங்க.

இன்னும் வீட்டுல சொல்லாதவங்க, சொல்ல முடியாதவங்க, உங்ககிட்ட தனியா சொல்றேன். நீங்க எதையும் போட வேண்டிய கட்டாயம் இல்ல. காலருக்கு அடியில குத்திக்கலாம், சட்டைப் பைக்கு உள்பக்கம் ஒரு கலர் நூல் ஓட்டிக்கலாம், எதுவுமே போடாமலும் இருக்கலாம். அதனால நீங்க எங்கள்ல ஒருத்தர் இல்லன்னு ஆகிடாது. மத்தவங்களும் கவனிங்க: பின் போட்டிருக்கிற ஒருத்தரை அவங்களைக் கேக்காம போட்டோ எடுத்துப் போடாதீங்க. அந்தப் பின் அந்த அறைக்காக மட்டும் போட்டதா இருக்கலாம்.

கடைசித் தையல். முடிச்சுப் போட்டு, நூலை வெட்டிட்டேன். கொஞ்சம் கோணலா இருக்கா? இல்ல, நேராத்தான் இருக்கு. நாளைக்கு இதைப் போட்டுட்டு பல் டாக்டர்கிட்ட போகணும். வரவேற்புல உக்காந்திருக்கிற அந்தச் சின்னப் பையன் போன தடவை என் காலர் பின்னை ரெண்டு தடவை பாத்தான்.