தலைவர் மாறினாலும் அளவு மாறக்கூடாது

(மாணவர் கடலாய்வுக் குழுத் தலைவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவத் தலைவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை, நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்தக் கடற்கரை ஊரில் நின்றாலும் கடலரிப்பைப் பற்றித்தான் பேச்சு. அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவரான தூண்டில் வளைவின் ஒருபுறம் மணல் மேடிடுகிறது. மறுபுறம் அலை வீட்டு வாசலைத் தொடுகிறது. எவ்வளவு மணல் போயிற்று, எந்த மாதத்தில் போயிற்று என்று கேட்டால், வருடக்கணக்கில் ஒரே இடத்தை அளந்தவர்களால் மட்டுமே பதில் சொல்ல முடியும். உங்கள் பொறுப்போ ஓராண்டுதான். அடுத்து வருபவர் அதே இடத்தில், அதே முறையில் அளக்க வழிசெய்துவிட்டுப் போவதுதான் தலைவரின் முதல் வேலை.

கரையின் சரிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். எமரி முறைக்கு ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு கம்புகள் போதும். உச்சியில் பூஜ்யம் வைத்து, கீழ்நோக்கி சென்டிமீட்டர் குறியிடுங்கள். இடைவெளிக்கு ஒன்றரை மீட்டர் மரச்சட்டத்தை மட்டமாகப் பிடியுங்கள்; கயிறு தொய்யும், நனைந்தால் நீளும். கரைப்பக்கக் கம்பருகே நிற்பவர், கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்க்க வேண்டும். அந்தக் கோடு தம் கம்பில் எங்கே வெட்டுகிறதோ, அதுவே இறக்கத்தின் அளவு. நடுவே மணல்மேடு வந்தால் எதிர்மாறு: கரைப்பக்கக் கம்பின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, மற்றக் கம்பில் வாசியுங்கள். ஏற்றத்துக்குக் கூட்டல், இறக்கத்துக்குக் கழித்தல். இந்தக் குறி ஒரே ஓர் இடத்தில் மாறினாலும் அதற்கப்பாலுள்ள கரை முழுவதும் தாளில் உயர்ந்துவிடும் அல்லது தாழ்ந்துவிடும்.

கம்பு தளர்ந்த மணலில் புதையும். அடியில் பலகை வட்டு ஒன்று பொருத்துங்கள். தொடுவானம் மூடாப்பாக இருந்தால் அன்று அளக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தென்னை சாயும், கல் உருளும். குருசடி என்னும் சிற்றாலயத்தின் படி, பாலத்தின் தூண் போன்ற அசையாத ஒன்றில் குறி வையுங்கள். கைப்பேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் பிசகும் என்பதால், வேறு இரண்டு நிலையான பொருள்களிலிருந்து அந்தக் குறிக்குள்ள தூரத்தையும் எழுதி, படமும் எடுத்து வையுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வாரிச் செல்லும். பின்னர் பெரும்பகுதி திரும்ப வரும். சனவரிக் கரையையும் சூலைக் கரையையும் ஒப்பிட்டு அரிப்பு என்று அறிவிப்பது ஊரையே தவறாக வழிநடத்தும். ஒரே மாதத்தை, கடல்நீர் வற்றத்தின் ஒரே நிலையில், ஆண்டுக்காண்டு ஒப்பிடுங்கள்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் உப்பளவு பார்க்கும் குழுவுக்கு ஒன்று. நீரின் உப்பளவைக் காட்டும் கருவியான ஒளிவிலகல்மானியை முதலில் காய்ச்சி வடித்த வாலைவடிநீரால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பழையாற்று நன்னீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் கிடக்கும். மேல்நீரை மட்டும் எடுத்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மணல்திட்டு வாயை அடைத்திருந்ததா, திறந்திருந்ததா என்று எழுதாத அளவு பயன்படாது.

பென்சிலால் எழுதுங்கள், மை நனைந்தால் கரையும். அளக்காத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள், "அளக்கவில்லை" என்றே எழுதுங்கள். தவறான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அருகில் திருத்துங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. தெற்கே வெகு தொலைவில் வீசிய புயற்காற்றில் பிறக்கும் நெடிய அலைகளே கள்ளக்கடல்; அவை வரும்போது, நம் கரையில் காற்றே இல்லாமலிருக்கலாம், வானமும் தெளிந்திருக்கலாம். கடல் எச்சரிக்கைகளை வெளியிடும் நடுவண் அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்க்காமல் யாரையும் கரைக்கு அழைத்துப் போகாதீர்கள். எச்சரிக்கை இருந்தால் வேலையை நிறுத்துங்கள். விட்டுப்போன ஒரு மாதத்தால் எந்த ஆய்வும் கெடாது. மற்ற நாள்களிலும் கடல்பக்கக் கம்பு பிடிப்பவருக்கு மிதவைச் சட்டை வேண்டும், கணுக்காலளவு நீரைத் தாண்டி அவர் போகக் கூடாது. அளவெடுப்பதில் சேராத ஒருவர், விசிலோடு கடலைப் பார்த்தபடியே நிற்கட்டும்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் பழைய குழுவும் புதிய குழுவும் ஒரே குறியிலிருந்து தனித்தனியே அளக்கட்டும். அந்த அளவுகளைத் தாளில் வரைந்த இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால், கம்பு சாய்ந்ததா, புதைந்ததா, குறி மாறியதா என்று அங்கேயே தேடுங்கள். கண்டுபிடித்த காரணத்தையும் அதே தாளில் எழுதிவிட்டுப் பதிவேட்டைக் கொடுங்கள்.