வெளிநாட்டுப் பணம் வசதியான வீடுகளுக்குத்தான் போகிறதா?

(திரையில்: ஐந்து படிகள். ஒவ்வொரு படியிலும் சம எண்ணிக்கையில் வீடுகள்.)

ஒரு நாட்டின் வீடுகளையெல்லாம் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, ஐந்து சம பங்குகளாகப் பிரிக்கிறார்கள். அடிப்படியில் மிக ஏழ்மையான வீடுகள், உச்சியில் மிக வசதியான வீடுகள். பிறகு ஒவ்வொரு படியிலும் எத்தனை வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று எண்ணுகிறார்கள். மேல்படிகளில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் போதும், "இந்தப் பணம் வசதியுள்ளவர்களுக்கே போகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த வீடு மேல்படியில் இருப்பதால் பணம் வருகிறதா, பணம் வருவதால் மேல்படியில் இருக்கிறதா? இதைக் கேட்காமல் அந்த அட்டவணையை நம்பவே கூடாது.

(திரையில்: அடிப்படியில் இருக்கும் ஒரு வீடு பெரிதாகத் தெரிகிறது.)

இந்த வீட்டைப் பாருங்கள். வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகும் ஒரு பையன். உள்ளூரில் கூலி வேலையில் இவர்கள் சம்பாதிப்பது மாதம் 10 என்று வையுங்கள். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மூத்த மகள் அனுப்புவது 25. கணக்கெடுக்க வருபவர் இரண்டையும் கூட்டி 35 என்று எழுதுகிறார். வீடு அடிப்படியிலிருந்து நான்காம் படிக்கு ஏறிவிடுகிறது. அட்டவணையில் இது பணம் பெறும் ஒரு வசதியான வீடு. அந்த 25-ஐ நீக்கிவிட்டுப் பார்த்தால், பணம் பெறும் ஓர் ஏழை வீடு. வீடு ஒன்றுதான், கூட்டலை எப்போது செய்தோம் என்பதுதான் வேறு.

வெளிநாட்டுப் பணத்தைக் கழித்துவிட்டு வீடுகளை வரிசைப்படுத்திய ஆய்வுகளும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பற்றி உலக வங்கி 2007-இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது. மெக்சிகோவில் பணம் பெறும் வீடுகளில் 61 சதவீதம் அடிப்படியில் இருந்தன, உச்சிப் படியில் வெறும் 4 சதவீதம். பெருவில் நிலைமை தலைகீழ். அங்கே அடிப்படியில் சுமார் 6 சதவீதம், உச்சிப் படியில் 40 சதவீதம். ஆக, பெருவில் உண்மையிலேயே வசதியான வீடுகள்தான் அதிகம் பெற்றன. அங்கே அதைக் கூட்டலின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

(திரையில்: இரண்டு நாடுகளின் படிகள் பக்கத்தில் பக்கத்தில்.)

ஏன் இவ்வளவு வேறுபாடு? புறப்படுவதற்கே செலவாகிறது. பாஸ்போர்ட், விசா, பயணச் செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே கட்ட வேண்டியவை. தூரம் கூடக் கூட, கையில் கொஞ்சம் இருக்கும் குடும்பம்தான் ஆளை அனுப்ப முடிகிறது. ஆனால் ஓர் ஊரிலிருந்து முதலில் போனவர்கள் பின்னால் வருபவர்களுக்குத் தங்க இடம் கொடுக்கிறார்கள், வேலை பார்த்து வைக்கிறார்கள், கடனும் கொடுக்கிறார்கள். செலவு இறங்குகிறது, ஏழை வீட்டுக்கும் வாசல் திறக்கிறது. மெக்சிகோவின் இரண்டு கிராமங்களை ஆராய்ந்து ஓடட் ஸ்டார்க், எட்வர்ட் டெய்லர், ஷ்லோமோ இட்ஸாகி ஆகியோர் 1986-இல் எழுதியது இதைத்தான்: இந்தப் பணம் ஏற்றத்தாழ்வைக் கூட்டுமா குறைக்குமா என்பது, அந்த ஊரிலிருந்து ஆட்கள் போய்வரும் பழக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எண்ணிக்கையைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். 100 வீடுகள் இருக்கின்றன, 25 வீடுகளுக்குப் பணம் வருகிறது, அவற்றில் 8 உச்சிப் படியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உச்சிப் படியில் உள்ள 20 வீடுகளில் 8, அதாவது வசதியான வீடுகளில் 40 சதவீதம் பணம் பெறுகின்றன. பணம் பெறும் 25 வீடுகளில் 8, அதாவது பெறுவோரில் 32 சதவீதம் வசதியானவர்கள். இரண்டும் சரியான கணக்கு, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். செய்திகளில் இவற்றை அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

வீடுகளை எண்ணிவிட்டால் தொகை எவ்வளவு என்பது தெரிந்துவிடாது. போட்ஸ்வானாவைப் பற்றி 1985-இல் வந்த ஆய்வு ஒன்றில், வசதி கூடிய குடும்பங்களுக்கு அதிகத் தொகை வந்தது தெரிந்தது. பணம் அனுப்புபவருக்குக் குடும்பத்திடமிருந்து பின்னால் கிடைக்கப்போகும் சொத்தும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

(திரையில்: மீண்டும் படிகள். ஒரு வீடு இரண்டு படிகளுக்கு நடுவே நிற்கிறது.)

வெளிநாட்டுப் பணத்தைக் கழித்துப் பார்க்கும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. போனவர் போகாமல் இருந்திருந்தால் சும்மாவா இருந்திருப்பார்? உள்ளூரில் ஏதோ சம்பாதித்திருப்பார். அதைச் சேர்க்காவிட்டால் வீடு உண்மையைவிட ஏழ்மையாகத் தெரியும். மெக்சிகோவின் 61 சதவீதத்தையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அந்த உள்ளூர் வருமானத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும்போது, வெளிநாட்டுப் பணத்தால் வறுமை குறைந்த அளவும் சுருங்குகிறது என்று உலக வங்கி ஆய்வே காட்டியது.

எனக்கு மிகவும் உறுத்துவது கடன். விசாவுக்கு வட்டிக்கு வாங்கிய வீட்டில், வரும் பணத்தின் பெரும் பகுதி கடன்காரருக்கே போகலாம். வருமானக் கணக்கில் முழுத் தொகையும் வரவாக ஏறிவிடும். வட்டி கட்டிய பின் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு எழுதாத கணக்கெடுப்பில், அந்த மகளின் வீடு நான்காம் படியில்தான் இருக்கும்.