கதையா, கணக்கா? கதையே!

நடுவர் அவர்களே, சற்றுமுன் பேசி அமர்ந்த எதிரணித் தோழி அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, நண்பர்களே, வணக்கம்.

வேலை செய்யும் இடத்தில் ஒரு தலைவருக்குக் கைகொடுப்பது கதையா, கணக்கா? இதுதான் இன்றைய வழக்கு. தோழி கணக்கின் பக்கம், அதாவது எண்கள், விதிகளின் பக்கம் நின்று அழுத்தமாக வாதாடினார். கதை நேரத்தைத் தின்னும் என்றார். கதை ஆளை ஏமாற்றும் என்று சொல்லி, தெரனோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைச் சாட்சிக்கு இழுத்தார். இரண்டுக்கும் வருகிறேன். அதற்குமுன் நான் வேலை கற்றுக்கொண்ட விதத்தை இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளே தடித்த கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். 'தவறு நேர்ந்தால் உடனடியாக மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று அதில் தெளிவாக இருந்தது. படித்தோம், கையெழுத்துப் போட்டோம். ஆனால் நடுவர் அவர்களே, தப்பு செய்தவன் முதலில் என்ன செய்வான்? யார் கண்ணிலும் படுவதற்குள் சரிசெய்துவிடப் பார்ப்பான். அது மனித சுபாவம். அச்சடித்த ஒரு வரிக்கு அந்தச் சுபாவம் கட்டுப்படாது.

இரண்டாவது வாரம் எங்கள் மேலாளர், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், புதிதாகச் சேர்ந்த ஏழு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். ஸ்லைடு கிடையாது, கையில் ஒரு தாள்கூடக் கிடையாது.

"உங்க வயசுல நான் சும்மா சோதிச்சுப் பாக்குற டெஸ்ட் சர்வர்னு நெனச்சு நிஜ சர்வர்ல ஒரு டேட்டா டேபிளை அழிச்சிட்டேன். ராத்திரி பதினொன்றரை மணி. யார்கிட்டயும் சொல்லல. நானே மீட்டுடலாம்னு நாப்பது நிமிஷம் தனியா போராடினேன். பன்னெண்டு மணிக்கு தினமும் தானா ஓடுற பேக்கப் அன்னிக்கும் ஓடுச்சு. நல்லா இருந்த பழைய காப்பி மேல காலி டேபிளை எழுதிடுச்சு. பதினொன்றரைக்கே வாயத் தொறந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. தொறக்காததால எங்க டீம் மொத்தமும் மூணு நாள் தூங்கல. அழிச்சதுக்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அந்த நாப்பது நிமிஷம் இன்னும் என் கூடவே இருக்கு."

அவ்வளவுதான். 'எனவே நீங்கள் எல்லோரும்...' என்று ஆரம்பிக்கவே இல்லை. எழுந்து போய்விட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு இரவு. தப்பான கட்டளையைத் தட்டிவிட்டேன். உள்ளங்கை வியர்க்கிறது. சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று மனது பறக்கிறது. அந்த நேரத்தில் கையேட்டின் ஒரு பக்கமாவது ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வந்தது அந்த நாற்பது நிமிஷம். போனை எடுத்து அவரை அழைத்தேன். அன்று எதுவும் கெடவில்லை.

விதி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அதைச் செய்யவிடாமல் தொண்டையை அடைக்கும் பயத்தைப் பற்றி விதிக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பயத்துக்குள் ஒருமுறை போய்த் திரும்பியவர் அதை வாய்விட்டுச் சொல்லும்போதுதான், கேட்பவனுக்குத் துணிச்சல் பிறக்கிறது.

இது ஓர் ஆளின் அனுபவம், இதை வைத்து உலகத்தை அளக்கலாமா என்று தோழி கேட்கலாம். நியாயமான கேள்வி. விமானத் துறையைப் பார்ப்போம். எண்களுக்குப் பஞ்சமே இல்லாத துறை அது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில், விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தங்களுக்கு நேர்ந்த தவறுகளைத் தங்கள் சொந்த வார்த்தைகளிலேயே எழுதி அனுப்புகிறார்கள். பெயர் வெளியே வராது. அப்படி வந்த அனுபவங்களைத் தொகுத்து 'கால்பேக்' என்ற மாத இதழில் மற்ற விமானிகள் படிக்கக் கொடுக்கிறார்கள். அத்தனை கருவிகளும் அத்தனை பதிவுகளும் கையில் இருந்தும், ஒரு மனிதரிடம் 'உனக்கு என்ன நடந்தது, சொல்' என்று கேட்டு வாங்குகிறார்களே, ஏன்? கருவி உயரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும். அந்த விமானி அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதை அவர்தானே சொல்ல முடியும்?

அடுத்து, நேரம் வீணாகிறது என்ற குற்றச்சாட்டு. 1996-ல் உலக வங்கியில் ஸ்டீபன் டென்னிங் என்ற அதிகாரி, நிறுவனத்துக்குள் சேர்ந்து கிடக்கும் அறிவை வெளியே எல்லோருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விளக்கப்படங்களும் காரணங்களுமாக வாதாடிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, ஜாம்பியாவின் கமனா என்ற சிற்றூரில் இருந்த சுகாதார ஊழியர் ஒருவர், மலேரியா சிகிச்சை பற்றிய தன் கேள்விக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் விடை கண்டுபிடித்தார். வறுமை ஒழிப்பு பற்றி இவ்வளவு தெரிந்த உலக வங்கி அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! இவ்வளவுதான் கதை, சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஆண்டே வங்கியின் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன், உலக வங்கி இனி அறிவு வங்கியாகவும் இருக்கும் என்று ஆண்டுக் கூட்டத்தில் அறிவித்தார். இதில் எங்கே வீணானது நேரம்?

இப்போது தெரனோஸ். தோழியின் வலுவான வாதம் இதுதான் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். சில துளி ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிடலாம் என்று அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் சொன்ன கதையைப் பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள், உண்மைதான். ஆனால் நடுவர் அவர்களே, அவர்கள் நம்பியது கதையை மட்டுமா? 2018-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கைப் பாருங்கள். 2014-ல் 10 கோடி டாலருக்கு மேல் வருமானம் வரும் என்று அந்த நிறுவனம் காட்டியது. உண்மையில் வந்தது ஒரு லட்சம் டாலருக்குச் சற்றே அதிகம். முதலீட்டாளர்கள் கையில் இருந்தது எண்கள்தானே? அங்கே கணக்கும்தான் பொய் சொன்னது!

பொய் எப்படி வெளியே வந்தது? உள்ளே ஆய்வகத்தில் வேலை பார்த்த இளைஞர்கள், தாங்கள் கண்ணால் கண்டதை ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். 2015-ல் செய்தி வந்தது. அந்த இளைஞர்கள் அதற்குமுன் நிறுவனத்துக்குள்ளேயே சொல்லிப் பார்த்தவர்கள். மேலே இருந்தவர்கள் காது கொடுக்கவில்லை. தலைவர் கதை சொன்னால் போதாது, கீழே இருந்து வரும் கதையைக் கேட்கவும் வேண்டும். ஆகவே தெரனோஸ் எங்கள் அணிக்கும் சாட்சிதான்.

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம் கொடுங்கள், முடித்துவிடுகிறேன்.

நான் சொன்ன அந்த அம்மையார் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் இரவு இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். குரல் நடுங்குகிறது. "அண்ணா, தப்பு பண்ணிட்டேன். இப்பத்தான், ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அந்த நாப்பது நிமிஷம் ஞாபகம் வந்துச்சு, உடனே கூப்பிட்டுட்டேன்."

அந்த அம்மையாரை அவள் பார்த்ததே இல்லை.

நன்றி, வணக்கம்.