முதல் கிட்டார் புதுசாகவே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோலப்போட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் நம் நகர்க்காரர்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

"வளரும் பிள்ளைக்கு முதல் கிட்டார்: புதிதாக வாங்கித் தருவதா, கிடைத்த பழையதில் பழக விடுவதா?" இதுதான் இன்றைய தலைப்பு. புதிதாகத்தான் வாங்கித் தர வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நன்றாகவே பேசினார். 13, 14 வயதில் ஆசை மாறிக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்தில் மூலையில் போட்டுவிடுவார்கள், அதற்குப் போய் 10,000 ரூபாயா என்று கேட்டார். முதலில் யாரிடமாவது சும்மா கிடக்கிற பழசைக் கொடுங்கள், ஒரு வருடம் விடாமல் வாசித்தால் அப்புறம் புதுசு வாங்கலாம் என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் இரண்டு வருடம் முன்னால் எங்கள் வீட்டில் இதையேதான் பேசினோம், பேசியபடியே செய்தும் பார்த்தோம். அதில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. பள்ளி ஆண்டு விழாவில் மேல் வகுப்புப் பையன் ஒருவன் கிட்டார் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவான். மாமாவுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு கிட்டார் பல வருடமாகக் கிடந்தது, விஷயம் தெரிந்ததும் காசு வாங்காமலே கொடுத்தார். நல்ல மனிதர், அவர் மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. துடைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, பிறந்தநாள் அன்று பையன் கையில் கொடுத்தோம். அன்று இரவு அதைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

அப்புறம் போனில் பாடம் பார்த்துப் பழக ஆரம்பித்தான். ஒரு மாதம் ஆனது. இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். அது எல்லாருக்கும் வருவதுதான், தோல் காய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பாடத்திலேயே சொன்னார்கள், அவனும் பொறுத்துக்கொண்டான். கார்டு என்றால் பல கம்பியைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாக ஒலிக்க வைக்கிற ஸ்வரக் கூட்டு; இரண்டாவது மாதமும் அதில் ஒன்று கூட ஒழுங்காக விழவில்லை. டியூனரில் ஆறு கம்பியும் சரியாக இருக்கும், கம்பியை அழுத்தியதும் சுருதி விலகிவிடும். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கிட்டார் பீரோவுக்குப் பின்னால் நின்றது. ஏன்டா கண்ணா என்றேன். "எனக்கு மியூசிக் வராது சித்தி, என் காதே சரியில்லை" என்றான். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் தாங்கவில்லை.

நடுவர் அவர்களே, அண்ணன் சொன்ன அதே மூன்று மாதம், அதே மூலை! ஆசை மாறிவிட்டது என்று நாங்களும் முடிவு கட்டியிருப்போம். கம்பியாவது மாற்றித் தரலாமே என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு தெரிந்த கிட்டார் சார் ஒருவரிடம் போனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே, கம்பிக்கு அடியில் நுழைத்தார். பென்சில் உள்ளே போய் நின்றது. வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃப்ரெட். அந்த இடத்தில் தடித்த கம்பி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், மெல்லிய கம்பி அதைவிடவும் தாழ. இதில் ஒரு முழுப் பென்சில் போகிறது. இதை அழுத்திப் பிடிக்கப் பெரியவர்களுக்கே கை வலிக்கும், பையன் எப்படிம்மா பிடிப்பான் என்றார். அவ்வளவு தூரம் கம்பியைக் கீழே இழுத்து அழுத்தும்போது கம்பி விறைக்கும், விறைத்தால் சுருதி ஏறும். அதாவது அவன் காது கொஞ்சமும் தப்பில்லை. சுருதி சேரவில்லை என்று அந்தக் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்றும் அவரே சொன்னார். ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடையின் பலத்தோடு கிட்டாரின் கழுத்தை ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். நைலான் கம்பி என்றால் அதில் பாதி அளவுதான். அந்த இழுவையோடு மொட்டை மாடிக்கு அடியில், வெயில் இறங்கும் பரணில், பல வருடம் கிடந்தால் கழுத்து முன்பக்கம் வளையும், கம்பியின் அடிமுனை மாட்டியிருக்கிற பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை உப்பும், ஒட்டு விடும். கடலோர ஊரென்றால் ஈரக்காற்று வேறு. 45-லிருந்து 55 சதவீதம் ஈரப்பதம்தான் கிட்டார் மரத்துக்குப் பிடித்தது, நம் சென்னையில் அதற்கு மேலேதான் பெரும்பாலும் இருக்கிறது. வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். ரிப்பன் கட்டினால் இன்னும் அழகாக இருக்கும்.

இந்த வழக்கில் நான் சொல்ல வந்ததே இதுதான். பத்து வருடம் வாசித்தவர் கையில் கெட்டுப்போன கிட்டாரைக் கொடுங்கள், ஒரே நிமிடத்தில் கிட்டார் சரியில்லை என்பார். புதிதாகப் பழகுகிற பிள்ளையிடம் கொடுங்கள், நான்தான் சரியில்லை என்பான். பிழை விரலில் இருக்கிறதா வாத்தியத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு வழியே இல்லை, ஏனென்றால் அவன் தொட்ட முதல் கிட்டாரே அதுதான். எல்லாரையும் விட நல்ல நிலையில் இருக்கிற கிட்டார் தேவைப்படுவது அவனுக்குத்தான். நாம் தலைகீழாகச் செய்கிறோம், தெரிந்தவனுக்கு நல்லது, தெரியாதவனுக்குக் கிடைத்தது!

பழசைச் சரிசெய்து கொடுக்கலாமே என்பீர்கள். சில பழசைச் சரிசெய்யலாம். பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டை, சாடில் என்பார்கள், தேய்த்துக் குறைத்தாலே போதுகிற கிட்டாரும் உண்டு. ஆனால் கழுத்தே விலகிவிட்டால் அதைக் கழற்றி உட்கார வைக்கிற கூலிக்குப் புதுக் கிட்டார் வாங்கிவிடலாம். எது எந்த ரகம் என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் கிட்டார் வாசிக்கிறவர் இருந்தால், அவரே பார்த்துச் சரிசெய்து கொடுத்தால், அந்தப் பழசு தாராளமாகப் போதும், இதை நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, மேண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்ன வயதில் அப்பா வைத்திருந்த மேண்டலினைத்தான் முதலில் எடுத்து வாசித்தார், அதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. தம்பி, அந்த அப்பா மேண்டலின் வாசிக்கத் தெரிந்தவர். நான் இப்போது சொன்னேனே, வீட்டில் தெரிந்த ஆள் இருந்தால் பழசு போதும் என்று, அதற்கு ஸ்ரீநிவாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. வழக்கமான மேண்டலினில் இரண்டிரண்டாக நான்கு ஜோடிக் கம்பி இருக்கும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற கர்நாடக சங்கீதத்தின் கமகத்துக்கு அது ஒத்துவரவில்லை என்று எலெக்ட்ரிக் மேண்டலினுக்கு மாறி, ஜோடியை எடுத்துவிட்டு, ஒற்றைக் கம்பியாக ஐந்து வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மேதையே கைக்கு ஒத்துவராத வாத்தியத்தோடு போராடிக்கொண்டு இருக்கவில்லை, வாத்தியத்தை மாற்றினார். ஒன்பதாம் வகுப்புப் பையனைப் போராடச் சொல்கிறோம்.

சரி, பணத்துக்கு வருகிறேன். புதுசு என்றால் எதுவானாலும் புதுசு என்று நான் சொல்லவில்லை. 2,500 ரூபாய்க்குக் கலர் கலராகத் தொங்குகிறதே, அதை வாங்கினால் பரணில் கிடந்ததும் அதுவும் ஒன்றுதான், பல கிட்டார்களில் ஃப்ரெட் கம்பியின் முனை விரலைக் கீறும், கீயைத் திருகித் திருகி விட்டாலும் சுருதி நிற்காது. 8,000-லிருந்து 12,000 ரூபாய்க்குள் ஒழுங்கான அக்கூஸ்டிக் கிட்டார் இன்று கிடைக்கிறது. யமஹா 2019-இல் சென்னைக்குப் பக்கத்திலேயே ஆலை திறந்து கிட்டாரும் கீபோர்டும் செய்கிறது, இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. அதே பிள்ளைக்கு 15,000 ரூபாய்க்குப் போன் வாங்கும்போது மூன்று மாதத்தில் சலித்துவிடுமா என்று நாம் யாரும் கேட்பதில்லை. கிட்டார் உண்மையாகவே சலித்துவிட்டால், நல்ல கிட்டாராக இருந்தால், பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும். அப்படியே நஷ்டம் என்றாலும், அந்தப் பிள்ளை ஒரு நல்ல வாத்தியத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டாம் என்று தானே முடிவு செய்த பிள்ளை. எனக்கு வராது என்று நம்பிக்கொண்டு விட்ட பிள்ளை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

நாங்கள் அதற்கப்புறம் அவனையும் கூட்டிக்கொண்டு அண்ணா சாலைக்குப் போனோம். 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இருக்கிற சாலை அது. நான்கு கடை ஏறி இறங்கினோம். ரகசியமாக வாங்கி வைத்துத் திடீரென்று கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை, நான்தான் வேண்டாம் என்றேன். கிட்டாரை மடியில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பெரிய உடம்புள்ள டிரெட்நாட் வகை சிலருக்குத் தோளைத் தூக்கிவிடும், கை வளைந்து கம்பிக்கு வரவே சிரமப்படும். கொஞ்சம் சின்ன உடம்புள்ளது உட்காரும். நைலான் கம்பி விரலுக்கு மென்மையாக இருக்கும், ஆனால் கழுத்து 52 மில்லிமீட்டர் அகலம் வரும், ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் 43-தான். லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுத வேண்டும் என்றால் நைலான், இளையராஜா தங்கப் பதக்கம் வாங்கியது அந்தத் தேர்வில்தான். சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்துப் பாட வேண்டும் என்றால் ஸ்டீல். எங்கள் பையன் ஸ்டீல் எடுத்தான். கடைக்காரரிடம் 10-ஆம் நம்பர் மெல்லிய கம்பி போட்டு, கம்பியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனையும் இறக்கித் தரச் சொன்னோம். புதுக் கிட்டாரும் பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் கம்பி உயரமாகத்தான் வரும், இதைக் கேட்டு வாங்க வேண்டும், பலருக்குத் தெரிவதில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. அவன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் கடைக்காரர் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கையில் வாங்கி ஒரு இ மைனர் கார்டு பிடித்துத் தட்டினான். ஆறு கம்பியும் பேசியது. மூன்று மாதம் அவன் ஒரு நாள் கூடக் கேட்காத சத்தம். நிமிர்ந்து அவன் அம்மாவைப் பார்த்தானே ஒரு பார்வை, அதை நான் வார்த்தையில் சொல்ல முடியாது, நடுவர் அவர்களே.

இப்போது எஃப் பார் கார்டு பிடிக்கிறான், முதல் விரலால் ஆறு கம்பியையும் மொத்தமாக அழுத்த வேண்டும், நிறையப் பேர் கிட்டாரை விடுகிற இடமே அதுதான். வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடைக்கிறான், இல்லாவிட்டால் நம் ஊர் வியர்வைக்கும் காற்றுக்கும் துரு ஏறிவிடும். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கிறான். யாரும் சொல்லவில்லை, அது அவனுடையது, அதனால் செய்கிறான்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் மட்டும். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளும் கிட்டார் கேட்கிறாள். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா, அண்ணனுடையது இருக்கிறதே, அதிலேயே பழகு என்றார்கள். அது நல்ல கிட்டார்தான், அதில் குறை ஒன்றும் இல்லை, அதனால் எதிரணி இதைத் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் இரண்டாவதாகப் பிறந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? நானும் இரண்டாவதுதான். அக்காவின் பாவாடை, அக்காவின் பள்ளிப் பை, அக்காவின் சைக்கிள், அட்டை போட்ட அக்காவின் பாடப் புத்தகம், அதில் அக்கா பென்சிலால் எழுதி அழித்த விடை. பெற்றவர்கள் கஞ்சத்தனத்தில் செய்யவில்லை, இருந்த வருமானம் அவ்வளவுதான். ஆனாலும் இது உனக்கென்றே வாங்கியது என்று ஒரு பொருளாவது கைக்கு வராதா என்று அந்த வயதில் ஏங்கினேன். அண்ணன் வெளியே போகிற நேரம் பார்த்து, அவன் வருவதற்குள் வாசித்து, அவன் வைத்த இடத்திலேயே திரும்ப வைக்கிற கிட்டாரில் ஒரு பெண் எவ்வளவு நேரம் வாசிப்பாள்? போன வாரம் அவள் கிட்டாரை எடுத்ததும் "கம்பியை அறுத்துடாதே" என்று அண்ணன் சொன்னான், அவள் உடனே கீழே வைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவளுக்கு 13 முடிகிறது. அக்காவும் நானும் ஆளுக்குப் பாதி போடுகிறோம். வருகிற சனிக்கிழமை 10 மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறோம், இந்த முறை எந்தக் கடை, எந்த அளவு என்று பார்த்துச் சொல்ல அண்ணனும் கூட வருகிறான். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா என்று நேற்று ராத்திரி போனில் சொன்னேன். "அப்பவே வெட்டிட்டேன் சித்தி" என்றாள்.